பூட்டியிருக்கு என்றாள் பௌசியா

"போடும்மா கையெழுத்தை. நாலே வரிதான்."

"படிச்சேன் முதலாளி. நாலு வரியும் பொய்."

ஆனந்தகுமார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். போடியிலிருந்து வந்து மட்டாஞ்சேரி பஸார் ரோட்டில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிறவர். அவர் எதிரில் நின்ற பௌசியா அந்த அலுவலகத்து மெயிலை ஒன்பது வருஷமாகப் பார்த்துவருகிறவள். இருவருக்கும் நடுவே கிடந்த தாளில், துபாய்க்காரர் அனுப்பிய மெயிலைத் தன் கவனக்குறைவால் தானே அழித்துவிட்டதாகவும், அதற்காக மன்னிப்புக் கேட்பதாகவும் பௌசியா சொல்வதுபோல் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் காலி.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பத்துக்கு அவன் மெயில் அனுப்பியிருக்கான். சாக்கு லேபிள்ல பேரு மாறுது, புது லேபிள் வர்றவரைக்கும் சரக்கை ஏத்தாதேன்னு. அனுப்பினதுக்கு அவன்கிட்ட அத்தாட்சி இருக்கு. நம்ம பெட்டியில அது இல்ல. சரக்கு புதன்கிழமையே கப்பல் ஏறிருச்சு. அவன் போன்ல என்னைக் காறித் துப்புறான். மெயிலைப் பாக்கிறது நீ. அப்ப அழிச்சது யாரு?"

"வாசல்ல நிக்கிறவதான் திருடினவளா? அந்த மெயிலை நான் கண்ணால பாக்கல. பாக்காததை எப்படி முதலாளி அழிப்பேன்?"

"பாக்காமலே கை பட்டிருக்கும்."

"ஒம்பது வருஷமா படாத கை, செவ்வாய்க்கிழமை பட்டுச்சா?"

"இந்தாம்மா, எனக்கு வாதாட நேரமில்ல. நாலு மணிக்குள்ள இது துபாய்க்குப் போகணும். போட்டா நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. இல்லைன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டே இரு. காலையிலேயே அவனுக்கு எழுதிட்டேன், எங்க ஸ்டாஃப் பௌசியா அழிச்சிட்டா, மன்னிப்புக் கடிதம் பின்னாலேயே வருதுன்னு."

பௌசியா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"என் பேரைப் போட்டா எழுதினீங்க?"

"பேரைப் போடாம எழுதினா அவன் எப்படி நம்புவான்?"

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா நீ என்ன சொல்லப்போறே? அழிக்கலைன்னுதான் சொல்லுவே."

"அழிக்காதவ வேற என்ன சொல்லுவா?"

முன்னறைத் தொலைபேசி அடித்தது. எடுக்க வேண்டியவள் பௌசியாதான். தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய் எடுத்தாள்.

கும்பளங்கியில் வீட்டு விடுதி நடத்தும் செல்வலட்சுமி. வருகிற விருந்தாளிகளுக்கு மசாலாப் பொட்டலம் கொடுப்பதற்காக மாதம் ஒருமுறை வாங்குகிறவள்.

"ஏன் பௌசியா, உங்க கம்பெனி பெரிய கம்பெனி ஆயிருச்சா? எங்களுக்கெல்லாம் பதில் போடமாட்டீங்களா?"

"எதுக்கு லட்சுமிக்கா பதில்?"

"எதுக்கா! மூணு மெயில் போட்டிருக்கேன். சனிக்கிழமை ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு."

பௌசியா தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு தேடினாள். நேற்று வந்தது இருந்தது. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் செல்வலட்சுமியின் பெயரே இல்லை. அழித்தவை போய் விழுகிற குப்பையிலும் இல்லை.

"அக்கா, நீங்க சரியாத்தான் அனுப்பினீங்களா?"

"பின்ன? புறாவையா விட்டேன்?"

ரிசீவரை வைத்துவிட்டு பௌசியா நேராக உள்ளே போனாள்.

"முதலாளி, துபாய் மெயில் மட்டுமில்ல. கும்பளங்கி மெயிலும் ரெண்டு காணோம்."

"பாத்தியா? அதையும் அழிச்சிருக்கே."

பௌசியா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அங்கேயே பதில் சொல்லியிருந்தால் வாயாலேயே வேலை போயிருக்கும். முன்னறைக்கு வந்து கைபேசியில் ஷமீலைக் கூப்பிட்டாள். எர்ணாகுளத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற ஆள்; அவளை அக்கா முறையில் 'இத்தா' என்று கூப்பிடுகிறவன்.

"ஷமீலு, எங்கே இருக்கே?"

"பிராட்வேல இத்தா. ஒரு கடையில பிரிண்டர்..."

"பிரிண்டரைத் தூக்கிக் காயல்ல போடு. அடுத்த போட்ல ஏறி வா. என் சோத்துல மண் விழுது."

ஷமீல் வரும்போது ஒன்றரை மணி. நாற்பது வயசு, தொந்தி, மூச்சு வாங்கியது. பௌசியா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"பத்து நாளைக்கு முன்னாடி நீ வந்து ஒரு வேலை செஞ்சே. அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷத்துல ஒரு மெயில் காணாமப் போனதில்ல. அந்த வேலை என்னன்னு மறுபடி சொல்லு. முதலாளி காதுல விழற மாதிரி சொல்லு."

ஷமீல் சொன்னது புதிய கதை அல்ல. ஆனந்தகுமாருக்குத் தன் கடிதங்கள் அடுத்தவன் வீட்டில், அதாவது வெளியார் சர்வரில், கிடப்பது பிடிக்காது. அதனால் வருகிற மெயில் எல்லாம், பௌசியா தன் புரோகிராமைத் திறந்திருக்கும்போது, முன்னறை மெஷினில் இறங்கி ஒரே ஃபைலில் சேர்ந்துவிடும். இறங்கியதும் வெளியே இருப்பது அழிந்துவிடும். அந்த ஒரு ஃபைல்தான் கம்பெனியின் பெட்டி. வேறு நகல் கிடையாது. இத்தனை வருஷமாக பௌசியா தன் பழைய புரோகிராமில் அதைத் திறந்து பார்த்தாள். பத்து நாளுக்கு முன் உள்ளறையில் உட்கார்ந்து கப்பல் காகிதங்கள் தயார் செய்யும் அம்மிணி சேச்சிக்குப் புது மெஷின் வந்தது. அதில் வேறு ஒரு மெயில் புரோகிராம். அதிலிருந்தும் அதே ஃபைலைத் திறக்கும்படி ஷமீல் வழி செய்துகொடுத்திருந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திறக்கக் கூடாதுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே இத்தா. உங்க புரோகிராம் பெட்டியைத் திறந்தா பக்கத்துலயே ஒரு பூட்டு ஃபைல் வைக்கும், உள்ளே ஆள் இருக்குன்னு. சேச்சியோட புரோகிராமுக்கு அந்தப் பூட்டு தெரியாது. அது வேற மாதிரி பூட்டு போடும், அது உங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் பூட்டு ஒருத்தருக்குக் கண்ணுல படாது. அதனாலதான் வாயால கேட்டுக்கிட்டுத் திறங்கன்னு சொன்னேன்."

"கேட்டுக்கிட்டுத்தானே திறக்கிறோம்! சேச்சி! ஒரு நிமிஷம் இங்கே வாங்க."

அம்மிணி மரத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தாள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறவள். மலையாளி; தமிழைக் கலந்து பேசுவாள். யார் சத்தம் போட்டாலும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று முதலில் பயப்படுகிற சுபாவம்.

"எந்தா மோளே?"

"செவ்வாய்க்கிழமை காலையில நீங்க என்கிட்ட கேட்டீங்கல்ல?"

"கேட்டு. எல்லா திவசமும், எல்லா நாளும், கேக்கும். 'பூட்டியோ பௌசியே'ன்னு கேட்டு. நீ குடோனுக்குப் போகும்போ 'பூட்டியிருக்கு சேச்சி'ன்னு பறஞ்சு."

"ஆமா, சொன்னேன். சாக்குல குறி சரியா இருக்கான்னு பாக்க குடோனுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தபடியே வச்சிட்டுப் போனேன். பூட்டியிருக்கு, தொடாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போனேன்."

"அதே. பூட்டியிருக்குன்னு கேட்டதும் ஞான் திறந்நு."

"என்னது?"

"நீ பூட்டி. அப்போ ஞான் திறந்நு."

ஷமீல் நெற்றியில் கை வைத்தான்.

"சேச்சி," என்றாள் பௌசியா மெதுவாக, "பூட்டியிருக்குன்னா என்ன நெனைச்சீங்க?"

"கட பூட்டின்னா எந்தா? ஆளு கட அடச்சு வீட்டில் போயி. நீ பணி கழிஞ்சு பெட்டி அடச்சுன்னு நெனச்சு."

"எனக்குப் பூட்டியிருக்குன்னா உள்ளே நான் இருக்கேன், கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு, வராதீங்கன்னு அர்த்தம்!"

"ஐயோ! அப்போ நீ 'இல்ல சேச்சி, பூட்டல'ன்னு பறஞ்ச திவசம்?"

"உள்ளே யாரும் இல்ல, தாராளமா திறங்கன்னு சொன்னேன்."

"ஈஸ்வரா! அன்னெல்லாம் ஞான் கை கெட்டி இருந்நு. ஒருநாள் உச்ச வரைக்கும், மத்தியானம் வரைக்கும் காத்திருந்நு!"

பௌசியாவுக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் கோபமாகிவிட்டது.

"பத்து நாளா, நான் இல்லாதப்பெல்லாம் நீங்க காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் இருக்கிறப்பெல்லாம் உள்ளே வந்திருக்கீங்க. டேய் ஷமீலு, இவங்ககிட்ட நீ என்ன சொன்னே?"

ஷமீல் தரையைப் பார்த்தான். "சேச்சிகிட்ட மலையாளத்துல சொன்னேன், இத்தா பூட்டினதும் திறந்தா மதி, அது போதும்னு."

"என்கிட்ட?"

"நீங்க திறந்திருக்கிறவரைக்கும் பெட்டி பூட்டியிருக்கும்னு சொன்னேன்."

"ஒரே வார்த்தை. இந்தக் கதவுல ஒரு அர்த்தம், அந்தக் கதவுல ஒரு அர்த்தம். சொல்லிட்டு நீ போட் ஏறிப் போயிட்டே. இங்கே என் கழுத்துல கத்தி."

ஆனந்தகுமார் இதுவரை தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, ரெண்டு பேரும் திறந்தீங்க. அதுக்கு மெயில் எப்படிப் போகும்? ஒரு பத்திரிகையை ரெண்டு பேரு படிச்சா எழுத்து அழிஞ்சிருமா?"

"படிச்சா அழியாது சார். திருத்தி வச்சா அழியும்," என்றான் ஷமீல்.

"எனக்குப் புரியல."

"புரியவேணாம் முதலாளி. பாருங்க," என்றாள் பௌசியா. "ஷமீலு, முதல்ல அந்த ஃபைலை ஒரு நகல் எடுத்து வை. இனிமே போறது எதுவும் என் தலையில விழக்கூடாது."

நகல் எடுத்து முடிந்தது. பௌசியா தன் புரோகிராமைத் திறந்தாள். அம்மிணி உள்ளே போய்த் தன்னுடையதைத் திறந்தாள்.

"முதலாளி, உங்க போன்ல இருந்து கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க."

"என்ன எழுத?"

"என்னைத் திட்டி எழுதுங்க. சீக்கிரம் வரும்."

அவர் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் பௌசியாவின் பட்டியலில் அடியில் ஒரு வரி புதிதாக வந்தது. அனுப்பியவர்: ஆனந்தகுமார்.

"பாத்துக்கிட்டீங்களா? வந்திருச்சு. நான் தொடல. கையை மடியில வச்சிருக்கேன். சேச்சி! நீங்க அங்கே ஏதாவது ஒரு விளம்பர மெயிலை அழிச்சிட்டு மூடுங்க."

"அழிச்சு. மூடி." இந்தத் தடவை அம்மிணி 'பூட்டி' என்ற வார்த்தையைத் தவிர்த்துவிட்டாள்.

பௌசியாவின் திரையில் பட்டியல் ஒருமுறை துள்ளியது. விளம்பரம் போயிருந்தது. ஆனந்தகுமாரின் மெயிலும் போயிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நான் அனுப்பினது எங்கே?"

"நான் அழிச்சிருப்பேன் முதலாளி. கை பட்டிருக்கும். நாலு வரி அடிச்சுக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"ஏய்..."

"குப்பையில தேடிப் பாருங்க. அங்கேயும் இருக்காது. துபாய்க்காரன் மெயிலும் அப்படித்தான் இல்ல."

ஷமீல் விளக்கினான். அம்மிணியின் புரோகிராம் பெட்டியைத் திறந்தபோது பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ளும். நடுவில் யார் என்ன போட்டாலும் அதற்குத் தெரியாது. மூடும்போது, தான் முதலில் பார்த்ததில் அழித்ததைக் கழித்துவிட்டு, முழு ஃபைலையும் திரும்ப எழுதிவைக்கும். நடுவில் வந்த மெயில் அதன் கணக்கிலேயே இல்லை. அதனால் இருக்காது.

ஆனந்தகுமார் தாடையைத் தடவினார்.

"அப்ப அழிச்சது அம்மிணியோட புரோகிராம்."

"ஆமா சார்."

"சரி. அப்ப அந்தத் தாள்ல பேரை மட்டும் மாத்தி அடிச்சிரலாம். அம்மிணி, இங்கே..."

உள்ளேயிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. அம்மிணி வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஞானோ சாரே? ஞான் அறிஞ்சில்ல..."

"சேச்சி, நீங்க உள்ளே போங்க," என்றாள் பௌசியா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஆனந்தகுமாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முதலாளி, உங்களுக்கு ஒரு பேரு வேணும். எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்ல. காலையில பௌசியா, மத்தியானம் அம்மிணி, சாயங்காலம் ஷமீல். உங்க பேரு மட்டும் வரக்கூடாது, அப்படித்தானே?"

"நான் என்ன பண்ணினேன்?"

"ஷமீலு, பத்து நாளைக்கு முன்னாடி வேற ஏதாவது வழி சொன்னியா இவர்கிட்ட? பயப்படாம சொல்லு. உனக்குப் பத்து இடத்துல இது ஒண்ணு. எனக்கு இதுதான் வேலை."

ஷமீல் தொண்டையைச் செருமினான். "சொன்னேன். இந்த மெஷின்லயே ஒரு மெயில் சர்வர் வச்சிரலாம்னு சொன்னேன். ஃபைலை அது மட்டும்தான் தொடும். இத்தாவோட புரோகிராமும் சேச்சியோட புரோகிராமும் அதுகிட்டதான் கேக்கணும், எடுத்துக்குடு, அழின்னு. யாரு எப்ப கேட்டாலும் அது வரிசையாப் பாத்துக் குடுக்கும். பத்து பேரு திறந்தாலும் ஒண்ணும் ஆகாது. மெயில் வெளியேயும் போகாது, இங்கேயேதான் இருக்கும்."

"இவரு என்ன சொன்னாரு?"

"சீசன் முடியட்டும்னாரு."

"அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரம்!" பௌசியா மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து அவர் முன் நீட்டினாள். "ரெண்டு மணி நேரம் உங்களுக்குப் பெரிசாப் போச்சு. என் ஒம்பது வருஷம் நாலு வரியாப் போச்சு. சேச்சி இந்த வயசுல பயந்து நடுங்கறாங்க. அவங்களும் கையெழுத்துப் போடமாட்டாங்க. நானும் போடமாட்டேன்."

"சரி சரி. கத்தாத. தாளைக் கிழிச்சுப் போடு. விஷயம் முடிஞ்சது. ஷமீல், அந்த சர்வரை இன்னைக்கே போட்டிரு. நீ போய் வேலையைப் பாரும்மா."

"முடியல."

"இன்னும் என்ன?"

"காலையில துபாய்க்கு எழுதினீங்களே."

"அட, அவனுக்கு உன் பேரு ஞாபகமா இருக்கப் போகுது? நாளைக்கு மறந்துருவான்."

"எனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு நாளும் அவன் மெயிலைத் திறக்கிறவ நான். 'டியர் பௌசியா'ன்னு ஒம்பது வருஷமா எழுதறவன். இனிமே அவன் அதை எழுதும்போது என்ன நெனைப்பான்?"

"அதுக்கு?"

"எழுதுங்க. நான் அழிக்கலைன்னு எழுதுங்க."

ஆனந்தகுமார் ஷமீலைப் பார்த்தார். ஷமீல் மெஷினுக்குப் பின்னால் வயரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அவர் அறைக்குள் போய் உட்கார்ந்து தட்டினார். பௌசியா பின்னாலேயே போய் நின்றாள்.

"'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக...' போதுமா?"

"போதாது. அது யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். என் பேரு எங்கே?"

"உன் பேரைச் சொல்லாம இருக்கிறதுதானே உனக்கு நல்லது!"

"காலையில சொல்லும்போது அது தோணலையா?"

அவர் பெருமூச்சு விட்டார். அழித்தார். மறுபடி தட்டினார். பௌசியா ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். செவ்வாய்க்கிழமை மெயிலை பௌசியா அழிக்கவில்லை. ஒரே மெயில்பெட்டியை இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் திறக்கும்படி நான் அனுமதித்ததால் அது அழிந்தது. காலையில் நான் எழுதியது தவறு.

"'நான்'னுதான் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன், பாரு."

"'கம்பெனி'ன்னு மாத்தாம அனுப்புங்க."

அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரல் அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பௌசியா முன்னறைக்கு வந்து, மேஜை இழுப்பறையிலிருந்து தன் கைப்பையை எடுத்தாள். கும்பளங்கிக்குப் பதில் எழுதும்படி அம்மிணியிடம் சொன்னாள். ஷமீல் வேலையை முடிக்கும்வரை எந்தப் புரோகிராமையும் திறக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

"எங்கே கிளம்பிட்டே? மணி மூணுகூட ஆகல," என்றார் ஆனந்தகுமார், வாசலில் வந்து.

"வீட்டுக்கு."

"இப்பத்தான் எழுதிட்டேனே! இன்னும் என்ன கோவம்?"

"எழுதினது துபாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கும் முதலாளி. எனக்கு இன்னும் வந்து சேரல."

"நாளைக்கு வருவியா மாட்டியா? அதைச் சொல்லிட்டுப் போ."

"கோவம் தீர்ந்தப்புறம் சொல்றேன்."

"எப்ப தீரும்?"

"ஒம்பது வருஷத்துக் கோவம் இல்ல இது, இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சது. ஆனாலும் அரை நாளாவது வேணாமா?"

அவள் படியிறங்கினாள். தெருவில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவள் வேகத்தைப் பார்த்து ஒருவன், "எந்தா இத்தா, அடியோ?" என்றான்.

"அடிக்கல," என்றாள் பௌசியா. "எழுத வச்சிட்டு வரேன்."